ஒரே ஒரு ரெக்கார்டுக்குத்தான் பணம்: கனத்துக்குத் திரும்பிய ஆல்பங்களில் எதை வாங்குவது?

என் சித்தி பையன் முதல் சம்பளத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறான். பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகும் வகை. ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே இருக்கிறது. வாங்கிய அன்றே போன் செய்தான். "அண்ணா, போஸ்ட்-ஹார்ட்கோர்ல ஒரே ஒரு ரெக்கார்டு சொல்லுங்க. பழைய மாதிரி ஹெவியா இருக்கணும், ஆனா பழசா இருக்கக் கூடாது."

போஸ்ட்-ஹார்ட்கோர் என்பது வேகமும் கத்தலும் நிறைந்த ஹார்ட்கோர் பங்க்கிலிருந்து கிளைத்த ராக் வகை. அவன் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. 2000களில் வந்த பெரிய ஆல்பங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவற்றைச் செய்த குழுக்கள் நடுவில் மென்மையான பாதையில் போனதும் தெரியும். அப்புறம் ஒரு நாள் "மறுபடியும் எங்கள் வேர்களுக்கே வந்துவிட்டோம்" என்று அறிவித்ததும் தெரியும். அப்படித் திரும்பி வந்த ஆல்பங்களில் எது நிஜமாகவே திரும்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு ரெக்கார்டின் விலை, அதற்கு மேல் தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தப்பாக வாங்கிவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லாமல், இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டேன்.

கேட்கும்போது ஒன்று புரிந்தது. இந்த வகை இசையில் கனம் என்பது கிடாரின் சத்தத்தை எவ்வளவு கூட்டினோம் என்பதில் வருவதில்லை. சத்தத்தை யார் வேண்டுமானாலும் கூட்டலாம். அறையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், கடைசி வார்த்தை யாருடையது, டிரம்ஸ் வாசித்தது யார், இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது. 80களின் நடுவில் வாஷிங்டன் நகரத்து ஹார்ட்கோர் பையன்கள் வெறும் வேகம் போதாது என்று நினைத்து ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், அப்புறம் ஃபுகாஸி என்று கிளம்பியபோதும் விஷயம் இதுதான். நான்கு பேர் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்பது காதில் விழவேண்டும். ஒரு ஆள் மாறினால் மல்லுக்கட்டே மாறிவிடும். ஆகவே கேட்பதற்கு முன்னால், யார் யார் வாசித்தார்கள், யார் தயாரித்தார்கள் என்று ஆல்பத்தின் பின்னட்டையைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

இந்த அளவுகோலாலேயே இரண்டை ஆரம்பத்தில் ஒதுக்கிவிட்டேன். முதலாவது, டெக்ஸஸ் மாநிலத்து எல் பாஸோவிலிருந்து வந்த அட் த டிரைவ்-இன். ராஸ் ராபின்சன் தயாரித்து 2000இல் வெளிவந்த ‘ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்’ எனக்கு உயிர். மறு வருடமே பிரிந்தார்கள், பாதிப் பேர் மார்ஸ் வோல்டாவுக்கும் மீதிப் பேர் ஸ்பார்டாவுக்கும் போனார்கள். 2017இல் ‘இன்டர் ஏலியா’வோடு திரும்பியபோது கிடார்க்காரர் ஜிம் வார்டு அவர்களோடு இல்லை. பழைய பாடல்களில் பாடகர் செட்ரிக்கின் கத்தலுக்குக் குறுக்கே விழும் இரண்டாவது குரல் அவருடையது. வேகம் இருக்கிறது, கிடார் இருக்கிறது, குறுக்கே விழும் அந்த ஆள் இல்லை. எனக்கு அந்த இடம் ஒவ்வொரு பாட்டிலும் காலியாகவே கேட்கிறது.

இரண்டாவது, ஃப்ளோரிடாவின் ஸ்லீப்பிங் வித் சைரன்ஸ். 2017இல் ஒரு பெரிய நிறுவனத்துக்காக ‘காஸிப்’ என்ற பாப் பக்கம் சாய்ந்த ஆல்பத்தைச் செய்தார்கள். 2019இல் சுமேரியன் ரெக்கார்ட்ஸுக்கு மாறி ‘ஹவ் இட் ஃபீல்ஸ் டு பி லாஸ்ட்’ ஆல்பத்தில் அலறலையும் திரும்பத் திரும்ப வரும் கனமான கிடார் துணுக்குகளான ரிஃப்களையும் மீட்டார்கள். நேர்மையான முயற்சி. பாடகர் கெல்லின் குவின்னின் உச்சக் குரலை விரும்புகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அவர்களுடைய வேரே பளபளப்பான வேர். திரும்பிப் போனாலும் அந்தப் பளபளப்புக்குத்தான் போக முடியும். தம்பி கேட்டது அது இல்லை.

மிச்சம் மூன்று. ரெஃப்யூஸ்டின் ‘வார் மியூசிக்’, அண்டர்ஓத்தின் ‘வாயரிஸ்ட்’, கிளாஸ்ஜாவின் ‘மெட்டீரியல் கன்ட்ரோல்’.

ரெஃப்யூஸ்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் திரும்பி வருவது யாருக்காவது கஷ்டமாக இருந்திருக்கும் என்றால் அது இவர்களுக்குத்தான். ஸ்வீடனின் வடக்கே உமெயோ என்ற ஊர்க்காரர்கள். 1998இல் ‘த ஷேப் ஆஃப் பங்க் டு கம்’ வெளிவந்தது. ஹார்ட்கோருக்குள் ஜாஸையும் மின்னணு இசையையும் கொண்டுவந்த அந்த ஆல்பத்தை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே வருடம் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரு வீட்டின் நிலவறையில் வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து நிறுத்தியது. அதுவே கடைசி நிகழ்ச்சி. இனி ஒருபோதும் சேர்ந்து வாசிக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டுப் பிரிந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஆல்பம் கைக்குக் கை மாறி, ஒரு தலைமுறையே அதைப் பார்த்துக் கிடாரைத் தூக்கியது.

2012இல் மேடைக்குத் திரும்பினார்கள். 2015இல் ‘ஃப்ரீடம்’ வந்தது. அதன் பின்னட்டையில் ஷெல்பேக் என்ற பெயரைப் பார்த்ததும் பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. டெய்லர் ஸ்விஃப்ட்டுக்கு ஹிட் பாடல்கள் செய்த அதே ஸ்வீடன்காரர் இரண்டு பாடல்களில் கை வைத்திருந்தார். அவரும் இளம் வயதில் மெட்டல் குழுவில் இருந்தவர் என்பதால் நான் அதில் குற்றம் பார்க்கவில்லை. இருந்தாலும் ‘ஃப்ரீடம்’ பல திசைகளில் ஓடுகிறது, சில இடங்களில் ஃபங்க் மாதிரி குலுங்குகிறது. 2019 அக்டோபரில் வந்த ‘வார் மியூசிக்’ அந்தக் கதவை எல்லாம் சாத்திவிட்டது. பத்துப் பாடல்கள், சுற்றி வளைக்காத கிடார், டென்னிஸ் லிக்ஸேனின் கிழிந்த குரல். முதலாளித்துவத்தின் மீது அவர்களுக்கு இருக்கும் கோபம் ஒரு அங்குலமும் குறையவில்லை. ஒரு பாட்டின் தலைப்பிலேயே உமெயோவுக்குப் பக்கத்துச் சிற்றூரான வன்னாஸ் வருகிறது. சொந்த ஊர் மண்ணில் காலை ஊன்றிக்கொண்டு உலகத்தைத் திட்டுவது போல அது எனக்குப் படும்.

இதில் பிடித்தது, டிரம்ஸில் டேவிட் சாண்ட்ஸ்ட்ரோம் அப்படியே இருக்கிறார். அவர் அடிக்கும்போது பாட்டு முன்னால் தள்ளப்படும், இழுபடாது. பிடிக்காதது ஒன்று உண்டு. ‘த ஷேப் ஆஃப் பங்க் டு கம்’ என்னைக் கவர்ந்ததே அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததால்தான். ‘வார் மியூசிக்’ கனத்துக்குத் திரும்பியது, ஆச்சரியத்துக்குத் திரும்பவில்லை. 1998க்கு முந்தைய ரெஃப்யூஸ்டின் நேரடி முஷ்டி இது. மூன்றாவது தடவை கேட்கும்போதே முழுதும் பிடிபட்டுவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இதைவிட நல்ல ஆல்பம் கிடையாது. ஆனால் ஒரே ஒரு ரெக்கார்டு வைத்திருப்பவனுக்கு மாதக்கணக்கில் தோண்டத் தோண்ட ஏதாவது கிடைக்க வேண்டும். குழு 2024 கடைசியில் உமெயோவிலேயே விடைபெற்றுக்கொண்டதால் இதை ஒரு நினைவாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் இருப்பார்கள். அவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

அண்டர்ஓத் வேறு மாதிரி. ஃப்ளோரிடாவின் டாம்பா நகரம். தம்பி இந்த இசைக்குள் நுழைந்ததே இவர்கள் வழியாகத்தான், அதனால் இவர்கள் மீது அவனுக்குத் தனிப் பாசம். 2004இல் ‘தே ஆர் ஒன்லி சேஸிங் சேஃப்டி’யின் இனிமையான பல்லவிகளால் புகழ் வந்தது. அதையே திருப்பிச் செய்திருந்தால் கோடிகள் பார்த்திருக்கலாம். அவர்களோ 2006இல் ‘டிஃபைன் த கிரேட் லைன்’ என்ற இருண்ட, முரட்டு ஆல்பத்தைச் செய்தார்கள். அது அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பப் பட்டியலில் நேரே இரண்டாவது இடத்தில் இறங்கியது. அந்த வகை இசைக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத உயரம். பிறகு 2010இல் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடும் ஆரன் கில்லெஸ்பி விலகினார், 2013இல் குழு கலைந்தது, சில வருடங்களில் அவரோடு சேர்ந்தே மறுபடி கூடினார்கள். 2018இல் வந்த ‘எரேஸ் மீ’ மென்மையாக, வானொலிக்கு ஏற்ற மாதிரி இருந்தது. அதிலிருந்த ஒரு பாட்டுக்கு கிராமி பரிந்துரைகூடக் கிடைத்தது. ஆனால் பழைய ரசிகர்கள் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

2022 ஜனவரியில் ‘வாயரிஸ்ட்’. வெளித் தயாரிப்பாளரை அழைக்காமல் தாங்களே தயாரித்தார்கள். பின்னட்டை பார்க்கும் என் வழக்கத்துக்கு இந்த ஒரு விஷயம் போதும். முதல் பாட்டு ‘டாம் எக்ஸ்கியூசஸ்’ கதவை உதைத்துத் திறப்பது போல ஆரம்பிக்கிறது. ஸ்பென்சர் சேம்பர்லெய்னின் அலறல், அதற்குள்ளிருந்து எழும் கில்லெஸ்பியின் தெளிந்த குரல். அட் த டிரைவ்-இன் இழந்தது போன்ற ஒரு இரண்டாவது ஆள் இங்கே வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ‘ஹல்லெலூயா’ பாட்டில் ஒரு கூட்டமே சேர்ந்து பாடும் பல்லவி வருகிறது. முன்பு கிறிஸ்தவக் குழுவாக அறியப்பட்டு, பிறகு அந்த அடையாளத்தைக் கழற்றி வைத்தவர்கள் அந்தத் தலைப்பின் கீழ் கூட்டமாகப் பாடும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. நம்பிக்கை போன இடத்தில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி இந்த ஆல்பம் முழுக்க ஓடுகிறது.

கடைசிப் பாட்டு ‘நிமோனியா’வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏழு நிமிடம். கிடார்க்காரர் டிம் மக்டேகின் தந்தை இறந்ததிலிருந்து பிறந்த பாட்டு. அவசரமே இல்லை. முதலில் ஓசைகள் மெல்ல மூச்சு விடுகின்றன, குரல் தூரத்திலிருந்து வருகிறது. டிரம்ஸ் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் உடைவதில்லை. உடையும் என்று நாம் காத்திருக்கும் இடத்தைத் தாண்டியும் பிடித்து நிறுத்துகிறார்கள். கடைசியில் எல்லாம் ஒன்றாகச் சரியும்போது அதில் கோபம் இல்லை, துக்கம் மட்டும் இருக்கிறது. துக்க வீட்டில் ஒருவர் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென்று வாய்விட்டு அழுவதை நீங்கள் பார்த்திருந்தால் இந்தப் பாட்டின் அமைப்பு உடனே புரியும். 2006இல் இந்தக் குழுவால் இதை எழுதியிருக்க முடியாது.

அப்படியானால் இதையே வாங்கலாமே? கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருப்பேன். தடுத்தது ஆல்பத்தின் நடுப்பகுதி. மின்னணு ஓசைகளும் தெளிந்த பல்லவிகளும் அங்கே நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவை நன்றாகச் செய்யப்பட்டவைதான், ஆனாலும் ‘எரேஸ் மீ’யின் நிழல் அங்கங்கே விழுகிறது. கனம் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. தம்பிக்கு நான் நினைவூட்டியது, "நீ தேடுவது ‘டிஃபைன் த கிரேட் லைன்’ தந்த அந்த முழு இருட்டு என்றால், இதில் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்." இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதுதான் முக்கியம் என்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு.

சரி, கிளாஸ்ஜா. நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்ட். டேரில் பலம்போ பாடுகிறார், ஜஸ்டின் பெக் கிடார். 1993லிருந்து குழு என்றால் இந்த இருவர்தான், மற்றவர்கள் வந்து போனார்கள். 2000இல் முதல் ஆல்பம், 2002இல் ‘வொர்ஷிப் அண்ட் ட்ரிப்யூட்’, இரண்டையும் ராஸ் ராபின்சன்தான் தயாரித்தார். பலம்போவுக்கு க்ரோன்ஸ் என்ற குடல் நோய். அதனால் எத்தனையோ நிகழ்ச்சிகள் ரத்தாயின. 2011இல் இரண்டு குறுந்தொகுப்புகள் வந்தன, அவ்வளவுதான். முழு ஆல்பத்துக்குப் பதினைந்து வருடம் காத்திருந்தோம். 2017 டிசம்பர் முதல் தேதி ‘மெட்டீரியல் கன்ட்ரோல்’ வந்தது.

பின்னட்டையில் பழைய ஆட்கள் இல்லை. பெக் கிடாரோடு, தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிடாரையும் தானே வாசித்திருக்கிறார். டிரம்ஸில் பில்லி ரைமர், த டில்லிஞ்சர் எஸ்கேப் பிளானின் டிரம்மர். அந்தக் குழு அப்போது பிரிந்ததும் அதே டிசம்பரில்தான். நான் மேலே சொன்ன அளவுகோல்படி பார்த்தால் ஆள் மாறியதும் இந்த ஆல்பம் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். கடைசி வார்த்தை பேசும் இருவர் மாறவில்லை. வந்த புதியவரோ இடத்தை நிரப்ப வரவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறார்.

முதல் பாட்டு ‘நியூ வைட் எக்ஸ்ட்ரீமிட்டி’ தொடங்கியதுமே பேஸ் கிடார் வயிற்றில் இடிக்கும். மற்ற குழுக்களில் கிடாருக்குக் கீழே ஒளிந்திருக்கும் பேஸ் இங்கே முன்வரிசையில் நிற்கிறது, அதுவும் கரகரத்துக் கிழிந்த ஓசையோடு. கிடார் அதன் மேல் கீறல் போடுகிறது. ரைமர் ஒரே தாளத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி அடிப்பதில்லை, எங்காவது ஒரு அடி தள்ளி விழும். நம் காது அதைச் சமாளித்து நிமிர்வதற்குள் பாட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கும். அடுத்து வரும் ‘ஷீரா’ இன்னும் வேகம். பலம்போவின் குரலைப் பலர் குறை சொன்னார்கள், இசைக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது என்று. அது நிஜம்தான். முதல் வாரம் எனக்கும் உறுத்தியது. பிறகு பழகியது, பழகிய பிறகு அதுவே பிடித்தது. கூட்டத்துக்கு நடுவே ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார், நாம் எட்டி எட்டிக் கேட்கிறோம். அந்த எட்டல்தான் என்னைத் திரும்பத் திரும்ப இந்த ஆல்பத்துக்கு இழுக்கிறது.

நடுவில் ‘பாஸ்டில் டே’ என்று தாளத்தை மட்டும் மையமாக வைத்த சின்ன இடைவேளை வருகிறது. தாளத்திலேயே ஊறி வளர்ந்த நம் காதுக்கு அந்த இடம் அந்நியமாகவே தோன்றாது. அதற்குப் பின் மறுபடி பேஸ் விழும்போது முன்பைவிட எடை கூடியிருக்கும். மென்மையான பாட்டு ஒன்றுகூட இல்லையா என்றால், ‘ஸ்ட்ரேஞ்ச் அவர்ஸ்’ இருக்கிறது. வேகம் தணிந்து மிதக்கும் பாட்டு, பலம்போவின் பாடும் குரல் தெளிவாகக் கேட்கும் அபூர்வமான இடம். ‘வொர்ஷிப் அண்ட் ட்ரிப்யூட்’டில் அவர் பாடிய விதத்தை நேசித்தவர்களுக்கு இந்த ஒன்று போதாது, இன்னும் இரண்டு இருந்திருக்கலாம் என்றுதான் நானும் ஏங்குகிறேன்.

ஆகவே தம்பிக்கு எழுதிய பதில் இது. ஓங்கிய முஷ்டியும் நேரான பேச்சும் வேண்டுமானால் ‘வார் மியூசிக்’. அழவும் இடம் வேண்டுமானால் ‘வாயரிஸ்ட்’. நீ கேட்டபடி பழைய கனம், ஆனால் பழசாக இல்லாமல், மாதக்கணக்கில் தோண்டுவதற்கு ஆழத்தோடு வேண்டுமானால் ‘மெட்டீரியல் கன்ட்ரோல்’. என் பணமாக இருந்தால் மூன்றாவதில்தான் போடுவேன்.

ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தேன். அந்தப் பெட்டி பிளேயரின் உள்ஸ்பீக்கரில் இதைக் கேட்காதே. ‘வார் மியூசிக்’ அதில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அதன் உயிர் கிடாரிலும் குரலிலும் இருக்கிறது. ‘வாயரிஸ்ட்’டை ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம், அதில் வரும் சின்னச் சின்ன ஓசைகளுக்கு அதுவே மேல். ‘மெட்டீரியல் கன்ட்ரோல்’ அப்படி இல்லை. பேஸ் போய்விட்டால் பாதி ஆல்பம் போய்விடும், மிச்சம் இருப்பது தகரச் சத்தம். பிளேயரின் பின்னால் ஒயர் செருக இரண்டு துளை இருக்கும், சித்தப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில் கொடு என்றேன்.

ரெக்கார்டு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். ஒயரை மாட்டி, ஊசியை வைத்து, அவன் சத்தத்தைப் பாதிக்கு மேல் திருப்பினான். முதல் பேஸ் விழுந்ததும் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. சமையலறையிலிருந்து சித்தி எட்டிப் பார்த்து, "வாசல்ல லாரி ஏதாவது நிக்குதாடா?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கர் பக்கமாகக் குனிந்து, பலம்போ என்ன பாடுகிறார் என்று எட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடப் போகிறான் என்று நினைத்தேன். ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலேயே வைத்தான்.